சாலின்னா நெல்லுதானுங்களே!

அத்தியாயம் பதினொன்று

துடியலூர் வீட்டில் அன்றைக்கு விடிந்ததிலிருந்தே கோகிலவாணி யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

அவளுடைய தங்கை நித்யஸ்ரீக்கு அன்று மாலை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை, கருமத்தம்பட்டியில் விசைத்தறி போட்டிருக்கும் வீட்டுப் பையன் கிருபாசங்கர். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே கிருபாசங்கருக்கு இந்த வீட்டுப் பெண் பிரத்யுஷாவைத்தான் பேசி முடித்திருந்தார்கள். பூ வைத்து ஒரு மாதம் ஆவதற்குள் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

பிரத்யுஷாவுக்குக் கோகிலவாணி அண்ணி. நாத்தனாரைத் தட்டிக்கழித்த வீட்டுக்குத் தன் தங்கை வாழப்போவதை அவளால் தடுக்கவும் முடியவில்லை, அதற்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை. கணவனோ வேலையாகச் சூரத்துக்குப் போய்விட்டான். பட்டுப்புடவைக்கு இஸ்திரி போடுவதைக்கூட அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தாள்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணி. எனக்கொண்ணும் இல்லை" என்றாள் பிரத்யுஷா, இட்லியைப் பிட்டபடி.

"ஒண்ணும் இல்லைன்னு நீ சொல்றப்பத்தான் கண்ணு எனக்குப் பயமா இருக்குது."

பிரத்யுஷாவுக்கு வைத்த சாம்பாரில் பெருங்காயம் இல்லை. கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்று தெரிந்த நாளிலேயே அதை வீட்டைவிட்டு எடுத்தவள் கோகிலவாணிதான்.

அவளுக்கு ஆகாதது கோதுமை ஒன்றே. சீலியாக் என்று டாக்டர் பெயர் சொன்னார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். கோதுமையைத் தொடாமலிருந்தால் அவள் எல்லாரையும் போலத்தான். ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டுகிற வியாதியும் இல்லை.

ஆனால் கிருபாசங்கரின் அம்மா சென்னியம்மாள் ஊருக்குச் சொன்ன கதை வேறு. "குடல் அழுகற சீக்கு. புள்ளை தங்காது." அவிநாசி ரோட்டில் அந்தப் பேச்சு போகாத வீடு இல்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களும் பாதியில் திரும்பிப் போயின. ஒரு சீர் வீட்டில் பிரத்யுஷா மடியில் தூக்கி வைத்திருந்த குழந்தையை அதன் தாய் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "ஒட்டிக்கப் போகுதுங்க" என்றாள், மரியாதையாகவே. அந்த 'ங்க' இன்னும் பிரத்யுஷாவின் காதில் இருந்தது.

அப்பா திருமூர்த்தி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மகளைப் பார்த்ததும் துண்டைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டார்.

"சம்பந்தி ஊட்டு விசேசம். நான் போகாம இருக்க முடியாது கண்ணு."

"போயிட்டு வாங்கப்பா. நான் பஷீர் பாய் கடை வரைக்கும் போயிட்டு வாரேன். திங்கக்கிழமை லூதியானா கெளம்போணுமில்ல?"

நூற்பாலை மெஷின் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மெஷின் எங்கே போகிறதோ அங்கே அவளும் போய், அது ஓடும்வரை கூட நிற்க வேண்டும். லூதியானாவில் எங்கே திரும்பினாலும் ரொட்டிதான். அறையில் வெந்நீர் ஊற்றி அவசரத்துக்குச் சாப்பிட, கோதுமை படாத பாக்கெட் அவளுக்கு வேண்டும்.

அப்படிப்பட்ட பாக்கெட்டை அவள் கண்டுபிடித்தது தாய்லாந்தில். ஒரு மில்லில் மெஷின் நிறுவப் போய் ஒரு மாதம் தங்கியிருந்தாள். அரிசி நூடுல்ஸ், அரிசி அப்பளம், தேங்காய்ப்பால் குழம்பு. பயமில்லாமல் சாப்பிட்ட மாதம் அது. ஆனால் எல்லாப் பாக்கெட்டையும் நம்ப முடியாது. நூடுல்ஸ் அரிசியாக இருக்கும். கூட வைத்திருக்கும் சோயா சாஸில் கோதுமை இருக்கும். மில் கேன்டீனில் சமைத்த பெண்மணி ஒரு பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு சொல்லை விரலால் தொட்டுக் காட்டினாள். 'காவ் சாலி.' அந்த ஊரில் கோதுமைக்கு அதுதான் பெயர். இந்த எழுத்து இருந்தால் தொடாதே என்று கையை ஆட்டினாள். பிரத்யுஷா அந்த எழுத்துகளை மனசில் பதித்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பியதும் கோட்டைமேட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் பஷீர் பாயிடம் சொல்லி, அந்தப் பாக்கெட்டுகளை வரவழைக்க வைத்தாள்.

பூ வைத்த மறுவாரம், ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையில், இதையெல்லாம் கிருபாசங்கரிடம் ஒளிக்காமல் சொன்னாள். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அவன் நிறையக் கேட்டான். வலி எந்த இடத்தில் வரும், எடை எப்படிக் குறைந்தது, என்ன டெஸ்ட், எந்தக் கடை, பாக்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும். இவ்வளவு அக்கறையா என்று அவளுக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அப்புறம் வந்ததுதான் அந்தப் போன்.

---

பஷீர் பாயின் கடை முன்னால் குறுகல், உள்ளே நீளம். பிரத்யுஷா பின்பக்க அலமாரிகளுக்கு நடுவில் நின்று, டாம் யம் என்னும் தாய்லாந்துப் புளிப்புச் சூப் போட்ட அரிசிச் சேமியாக் கோப்பைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வாங்கம்மா, வாங்க. தம்பிக்கு இப்ப வயிறு தேவலைங்களா?" என்றார் பஷீர் பாய்.

"உங்க புண்ணியத்துல ஆறு மாசமா ஒரு தொந்தரவும் இல்லீங்க. கோதுமைய அவன் கண்ணுலயே காட்டறதில்லை."

கோப்பையை எடுத்த பிரத்யுஷாவின் கை அப்படியே நின்றது. அந்தக் குரலை அவள் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பாள்.

"இன்னைக்கு அவனுக்கு நிச்சயமுங்க" என்றாள் சென்னியம்மாள். "மண்டபத்துச் சமையல்ல எதுல என்ன கெடக்குமோ. ரூம்லயே வெச்சு வெந்நி ஊத்தி நூடுல்ஸ் குடுத்துருவேன். பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"எப்பவும் வாங்கறது தீந்துபோச்சேம்மா. புதுசு ஒண்ணு நேத்துத்தான் வந்துச்சு. பாங்காக் போயி வர்ற ஆளு கொண்டாந்தது, பூரா தாய் எழுத்து. இருங்க, படிக்கத் தெரிஞ்சவங்க பின்னாடியே இருக்காங்க. தம்பிய இந்தக் கடைக்கு அனுப்பிச்சதே அவங்கதான். மொத நாளு வந்தப்ப 'பிரத்யுஷா சொல்லி வந்தேனுங்க'ன்னுதான் சொன்னாரு. பிரத்யுஷா, கொஞ்சம் வாம்மா!"

வேறு யாரோ தூக்கிக்கொண்டு போவது போலத்தான் அவளுடைய கால்கள் முன்னால் நடந்தன.

சென்னியம்மாளின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஒரு கணம்தான். அதற்குள் வாசலில் சரக்கு ஆட்டோ வந்து நிற்க, பஷீர் பாய் சிவப்புப் பாக்கெட் ஒன்றைப் பிரத்யுஷாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"எல்லாங் கேட்டுட்டயா?"

"கேட்டேனுங்க."

"உன்றகிட்ட ஒளிச்சு என்ன. நீ சொன்ன அடையாளமெல்லாம் அவனுக்கு அப்படியே இருந்துச்சு. டெஸ்ட் எடுத்தான். அதேதான்னு சொல்லிப்போட்டாங்க."

"அப்பறம் என்னை ஏன் வேண்டாம்னீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குன்னா பொறக்கற புள்ளைக்கு? பெத்தவ நான், பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்னதைக் கூட விடுங்க. குடல் அழுகுது, புள்ளை தங்காதுன்னு ஊரெல்லாஞ் சொன்னீங்களே, அது?"

சென்னியம்மாள் தோளில் தொங்கிய பையைச் சரிசெய்துகொண்டாள். அவள் குரலில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை.

"பூ வெச்ச பொண்ண ஏன் வேண்டாம்னீங்கன்னு நாலு பேரு கேப்பாங்கல்ல? ஒரு காரணஞ் சொல்லித்தானே ஆகோணும். எம் பையன் பேரு வெளிய வராமப் பாத்துக்கிட்டேன்."

அவன் உடம்பைக் காப்பாற்றியது பிரத்யுஷாவின் வாய்ச் சொல். அவன் பெயரைக் காப்பாற்றியது பிரத்யுஷாவின் மானம். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், இன்றைக்கு அவனுக்கு மாலை போடுகிறார்கள்.

"இன்னொண்ணுஞ் சொல்றேன்" என்று சென்னியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நித்யா உங்க அண்ணிக்குத் தங்கச்சி. நீ இன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னா நிச்சயம் நின்னுபோகும். அப்பறம் உங்க அண்ணி உங்க ஊட்ல இருப்பாளான்னு யோசிச்சுக்கோ. உங்கப்பன் எந்த மூஞ்சியோட சம்பந்தி முன்னால நிப்பாரு?" பிறகு அவள் கை பிரத்யுஷாவின் முழங்கையைத் தொட்டது. "மனசுல வெச்சுக்காத கண்ணு. அதைப் படிச்சுச் சொல்லு. எனக்கு நேரமாச்சு."

கண்ணு!

பிரத்யுஷா பாக்கெட்டைத் திருப்பினாள். பொடி எழுத்துகள். கடைசி வரிக்கு முந்தின வரியில், சாஸ் பொட்டலத்தில் சேர்ந்திருக்கும் பொருட்களோடு, அந்தச் சொல் இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"காவ் சாலின்னு போட்டிருக்குங்க."

"அப்படின்னா?"

பிரத்யுஷா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள்.

"சாலின்னா நெல்லுதானுங்களே."

"அட, ஆமா!" சென்னியம்மாளின் தோள் தளர்ந்தது. "எங்கப்பாரு அப்படித்தான் சொல்லுவாரு. அரிசிதான். அப்ப ரெண்டு பாக்கெட் எடுத்துக்கறேன்."

தமிழில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இனித்தது.

பஷீர் பாய் திரும்பி வந்து, "பாத்துட்டியாம்மா?" என்றபோது, "அவங்களுக்குச் சொல்லிட்டேனுங்க பாய்" என்றாள். தன்னை நம்பிய மனிதரிடம் அப்படிச் சொன்னபோது மட்டும் நாக்கு கொஞ்சம் தடித்தது. கார் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அந்தச் சிவப்புப் பாக்கெட் மீதி எத்தனை இருந்தாலும் எனக்கே குடுத்துருங்க. வேற யாருக்கும் விக்காதீங்க" என்றாள்.

"லூதியானாவுக்கா? அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"ஆமாங்க பாய்."

வேறு எந்த வயிறும் அதனால் புண்ணாகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வயிறு.

---

"நானும் வாரேனுங்கப்பா."

சாவியை எடுத்த திருமூர்த்தி திரும்பிப் பார்த்தார். மகள் பச்சைப் பட்டுக் கட்டி, பூ வைத்து நின்றாள். அவர் கண் கலங்கியது.

கோகிலவாணி அருகில் வந்து கேட்டாள்: "எதுக்குக் கண்ணு?"

"நித்யாவுக்கு நான் வராம எப்படிங்கண்ணி?"

கோகிலவாணி அவள் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் மேலே கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

காரில் திருமூர்த்தி அன்றைக்கு நிறையப் பேசினார். அவர் அவ்வளவு பேசிப் பல மாதமாகியிருந்தது. "நாம தலை குனிஞ்சு உக்காந்துட்டா அவங்க சொன்னது நெசம்னு ஆயிரும். நீ வாரேன்னு சொன்ன பாரு, எனக்கு அது போதும்" என்றார். பிரத்யுஷா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "உம்" என்றாள். நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டிய மாதிரி இதமாக இருந்தது. அப்பாவின் பேச்சு அந்தச் சூட்டைத் தணிக்கவில்லை.

கருமத்தம்பட்டி மண்டபத்தில் பெண் வீட்டாரான சத்தியமங்கலத்து ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். நித்யஸ்ரீயின் அப்பா தம்பிதுரை வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டுக் கூப்பிட்டார். சாப்பாட்டுச் செலவு அவருடையது. மத்தியானப் பந்தியில் பூரி, பாதுஷா, ரவாக் கேசரி என்று வரிசையாகப் போட்டார்கள். பிரத்யுஷா கை நனைக்கவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை அறைக் கதவு தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

சென்னியம்மாள் பிளாஸ்க்கும் கையுமாகப் படியேறினாள். அவளுக்குப் பின்னால் வந்த கிருபாசங்கர் பிரத்யுஷாவைப் பார்த்துவிட்டு நின்றான்.

மனிதன் தேறியிருந்தான். கன்னம் நிறைந்திருந்தது. அந்தக் கன்னம் அவள் போட்ட சோறு.

"நீங்க வருவீங்கன்னு நெனைக்கலீங்க" என்றான். "உங்ககிட்ட ஒண்ணு பேசோணும். ரொம்ப நாளா."

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைத் தின்னாதே என்றால் முடிந்தது. அவள் நாக்கு நுனிவரை அது வந்ததா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். வரவில்லை என்பதுதான் உண்மை.

"பேச்செல்லாம் இப்ப எதுக்குங்க? போய்ச் சாப்பிடுங்க. பசியோட இருப்பீங்க."

அவன் மேலே போனான். சென்னியம்மாள் மட்டும் வெறும் பிளாஸ்க்கோடு இறங்கி வந்தாள்.

பிரத்யுஷா காத்திருந்தாள். இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய உடம்பே அனுபவித்த பாடம். முதலில் வயிறு கல்லாக இறுகும். பிறகு தொப்புளைச் சுற்றி யாரோ துணி பிழிவது போல முறுக்கும். கை கால் சில்லிட்டு நெற்றி மட்டும் வேர்க்கும். அப்புறம் எங்கே நிற்கிறோம், யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் நினைவில் நிற்காது. சாகமாட்டான். ஆனால் நாலைந்து நாளைக்குப் படுக்கையைவிட்டு எழுந்திருக்கமாட்டான். அந்த வலியை நினைக்க நினைக்க, பிடுங்கப்பட்ட அந்தக் குழந்தையின் சூடு அவள் மடிக்குத் திரும்பி வருவது போல இருந்தது.

பொழுது சாய்ந்தது. மேளம் வாசித்தார்கள். மேடையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து, பெரியவர்கள் வெற்றிலைத் தட்டை எடுத்தார்கள்.

கிருபாசங்கரின் நெற்றி மினுமினுத்தது. நித்யஸ்ரீ அவன் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். மோதிரத்தைக் கையில் கொடுத்தார்கள். அவன் எழுந்தான், இரண்டாக மடிந்தான், மேடைக்குப் பின்னால் ஓடினான். வாந்தி எடுக்கும் சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது.

மேளம் நின்றது.

"சாப்பாட்டுல ஏதோ கோளாறு" என்று யாரோ சொல்ல, கூட்டம் அப்படியே பிடித்துக்கொண்டது. இரண்டு பெண்கள் தங்கள் பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். தம்பிதுரை கும்பிட்ட கையை இறக்காமல் அங்குமிங்கும் ஓடினார். "என்ற சமையல்ல ஒரு குறையும் இருக்காதுங்க. நானும் அதைத்தானுங்க சாப்பிட்டேன்."

சென்னியம்மாள் மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்தாள். பார்வை அலைந்து அலைந்து, மாடிப்படிப் பக்கத்தில் பச்சைப் புடவையில் நின்றது.

பிரத்யுஷா கண்ணை விலக்கவில்லை. உதட்டை மட்டும் கொஞ்சம் விரித்தாள்.

அவ்வளவுதான். கொண்டை அவிழ, சென்னியம்மாள் மேடைப்படி இறங்கி ஓடிவந்தாள்.

"அடிப்பாவி! நெல்லுன்னு சொல்லி எம் பையனுக்குக் கோதுமையத் தின்ன வெச்சுட்டியே!"

மண்டபம் கப்பென்று அடங்கியது.

பிரத்யுஷா எழுந்து நின்றாள். அவசரப்படவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, மிக மரியாதையாகக் கேட்டாள்:

"கோதுமை தின்னா மனுசனுக்கு என்னங்க ஆகும்?"

சென்னியம்மாளின் வாய் திறந்தபடி நின்றது.

"இங்க எல்லாருமே பூரி சாப்பிட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே. உங்க பையனுக்கு மட்டும் என்னங்க? குடல் அழுகுதுங்களா?" அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். "ஒட்டிக்குமுங்களா? நித்யா பக்கத்துல உக்காந்திருந்தாளே, அவளை எந்திரிக்கச் சொல்லீரலாமுங்களா?"

தம்பிதுரை மெதுவாக நடந்து வந்தார். கை இப்போது கும்பிட்டபடி இல்லை.

"ஏனுங்க... மாப்பிள்ளைக்கு என்ன?"

"அது... அது வந்துங்க..."

"உங்களைத்தான் கேக்கறேன். மாப்பிள்ளைக்கு என்ன?"

எட்டு மாதமாகத் தன் அப்பா நின்ற இடத்தில் அந்தப் பெண்மணி நிற்பதைப் பிரத்யுஷா பார்த்தாள். பசியெடுத்தவள் இலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கூட்டத்தில் அந்தக் குழந்தையின் தாயும் இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டதையும் பார்த்தாள்.

அப்போதுதான் மேடை ஓரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு கிருபாசங்கர் நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அம்மா, விடுங்க. அவங்க மேல ஒரு தப்புமில்லை."

"நீ சும்மா இருடா. இவதான் என்றகிட்ட..."

"பாக்கெட்ட நான் திருப்பிப் பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "சாலின்னா தாய்லாந்துல என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்."

அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினார்கள். சென்னியம்மாள் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடினாள்.

பிரத்யுஷா அப்படியே நின்றாள். உள்ளே எரிந்த அடுப்பில் யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். தெரிந்து சாப்பிட்டானா? அவள் சொன்ன அறிகுறிகளை எடுத்துக்கொண்டான், அவள் கண்டுபிடித்த கடையை எடுத்துக்கொண்டான், இப்போது அவள் வாங்கிய பழியையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டானா? இவ்வளவு கோபம் அவளுக்குக் காலையில்கூட வந்ததில்லை.

"அவரு விசயம் உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நித்யஸ்ரீ எதிரில் நின்றாள். பக்கத்தில் கோகிலவாணி.

"இன்னைக்குக் காத்தால."

"காத்தாலயே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா. சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேனே. இத்தனை பேரு முன்னால என்னை நிக்க வெக்க, நான் உங்களை என்ன பண்ணினேன்?"

அன்று முழுதும் பிரத்யுஷாவின் கணக்கில் நித்யஸ்ரீ ஒரு தடவைகூட வரவில்லை.

கோகிலவாணி தங்கையின் தோளை அணைத்துக்கொண்டாள். மாமனாரிடம் மட்டும் பேசினாள். "நான் இவகூடச் சத்தியமங்கலம் போறேனுங்க மாமா. அவரு சூரத்துல இருந்து வந்தா, எங்க இருக்கேன்னு சொல்லீருங்க." நாத்தனார் பக்கம் திரும்பவே இல்லை.

---

மண்டபத்துக்கு வெளியே திருமூர்த்தி காருக்குள் உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கிளப்பவில்லை.

"நெல்லுன்னு சொன்னது நீதானா?"

"ஆமாங்கப்பா."

"கோதுமைன்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அந்தம்மா வாய் அடைச்சு நின்னதைப் பாக்க எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்தப் பையன் நெளிஞ்சதைப் பாக்கறப்ப, மூணு வருசத்துக்கு முன்னால நீ ஆஸ்பத்திரியில கெடந்ததுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. உனக்கு வரலையா கண்ணு?"

பிரத்யுஷா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். என்ன இருந்தாலும் போய்ப் பாக்கோணும். உன்னை ஊட்ல உட்டுட்டுப் போகட்டுமா?"

"வேண்டாமுங்க. நானும் வாரேன்."

அவர் சட்டென்று திரும்பினார். மகள் மனம் இளகிவிட்டது என்று நினைத்தார் போலும். அவர் கை அவள் தலையைத் தொடப் போனது.

பிரத்யுஷா அதற்கு முன்பே சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேக்க வரலீங்கப்பா. தெரிஞ்சே ஏன் தின்னான்னு அவன் வாயால எனக்குக் கேக்கோணும். அதைக் கேக்காம எனக்குத் தூக்கம் வராது. வண்டிய எடுங்க."